வாய்ச்செம்பருத்தி

சித்திரமடையில் பொய்ச்சத்தியம் செய்த மூன்று பேருடைய வாயில் ஒரே காலையில் செம்பருத்தி பூத்தபோது, ஊர் முதலில் கேட்ட கேள்வி, பூத்தது ஒற்றைச் செம்பருத்தியா அடுக்குச் செம்பருத்தியா என்பதுதான். ஒற்றை என்றால் தின்னலாம், மருந்துக்கும் ஆகும். அடுக்கு என்றால் பார்க்க மட்டும்தான் லாயக்கு. ஒற்றைதான் என்று தெரிந்ததும் பாதிப் பேர் நிம்மதியாகப் பல் தேய்க்கப் போய்விட்டார்கள்.

எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர். மேற்கே மலை, கிழக்கே கரிசல், நடுவில் நாங்கள். பூவைத் தலையில் வைக்கிறவர்களைவிட உலையில் வைக்கிறவர்களே இங்கே அதிகம். பித்தம் ஏறினால் வேப்பம்பூவை நெய்யில் கருக வறுத்து ரசம் வைப்பார்கள், சர்க்கரை ஏறினால் ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள், உதிரம் நிற்காமல் பெரும்பாடு கண்ட பெண்ணுக்கு வாழைப்பூவை நரம்பெடுத்துப் பருப்போடு உசிலிப்பார்கள், உடம்பு சூடு கண்டவனுக்கு அகத்திப்பூவைத் துவட்டுவார்கள், நெஞ்சுச் சளிக்குத் தூதுவளைப் பூவை நெய்யில் வதக்குவார்கள், மலம் இறுகியவனுக்கு ரோஜா இதழைத் தேனில் ஊறப்போட்டுக் குல்கந்து கிண்டுவார்கள், புதுமாப்பிள்ளைக்கு முருங்கைப்பூவைப் பாலில் வேகவைத்து டம்ளரை வைத்துவிட்டு மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். பறித்த பூவைக் குப்பையில் போடுவது சோற்றைக் கொட்டுவதைவிடப் பெரிய பாவம் என்று குழந்தைக்கும் தெரியும். பொய்ச்சாட்சி பாவம் என்பது மட்டும் ஏனோ பெரியவர்களுக்கே மறந்துபோகும்.

இத்தனை பூவும் வந்தது சுயம்புவின் தோட்டத்திலிருந்து. சமைத்துப் போட்டது பஸ் நிறுத்தத்தை ஒட்டிக் கடை வைத்திருந்த அவன் மனைவி ராசகனி. சுயம்பு இடுப்பில் கட்டிய கைலிச் சாரத்தின் மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருப்பான், அந்தப் பெல்ட்டில் எப்போதும் நாலைந்து செம்பருத்திக் குச்சிகளைச் செருகி வைத்திருப்பான். வழியில் யாரைக் கண்டாலும் ஒரு குச்சியை உருவி, "ஊணி வைங்க அண்ணாச்சி, ரெண்டு மழைக்குத் தளுத்துரும்" என்று கையில் திணிப்பான். கல்யாணத்தன்று அவன் நட்ட குச்சிதான் ராசகனியின் வேலி முழுக்கப் படர்ந்து நின்ற செம்பருத்தி. வெளிச்சிவப்பு, தொண்டையில் மட்டும் கருஞ்சிவப்பு. அவன் பெல்ட்டில் செருகுவதும் அந்த வேலிக் குச்சிதான், வாங்கியவர்கள் யாரும் ஊன்றாததால் அந்தக் கறுப்புத் தொண்டை அந்த ஒரு வேலியில்தான் உண்டு.

ஆவுடையப்பனையும் சொல்லிவிடுகிறேன். செம்பருத்தி சர்பத் கம்பெனி முதலாளி. பாட்டிலில் பூப்படம் அத்தனை பெரிதாக இருக்கும், உள்ளே பூ கிடையாது, சீனியும் சாயமும்தான். முதல் இரண்டு வருடம் சுயம்புவிடம் பூ வாங்கியவர், பிறகு சாயமே போதும் என்று நிறுத்திவிட்டார். சுயம்பு சந்தைக்கு நடுவில் நின்று, ஒரு பாட்டிலை வெள்ளைத் துணியில் கவிழ்த்து, துவைத்தாலும் போகாத சிவப்பை நாலு பேருக்குக் காட்டினான். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த வெள்ளிக்கிழமை ஆள் விட்டு அழைத்தார் ஆவுடையப்பன். பெல்ட்டில் குச்சிகளோடு சைக்கிள் மிதித்துப் போனவன் திரும்பவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில், ஆம்பளை தானாக வந்துவிடுவான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ராசகனி ஊரைக் கூட்டினாள். எங்கள் ஊரில் வழக்கு என்றால் மடைகாத்த அம்மன் முன்னால், அம்மன் நந்தவனத்துச் செம்பருத்தி ஒன்றை மெல்லாமல் முழுசாக விழுங்கிவிட்டுத்தான் சாட்சி சொல்ல வேண்டும். பொய் சொன்னால் பூ வயிற்றுக்குள் புரளும் என்பது பழைய நம்பிக்கை. ஆவுடையப்பன் கெட்டிக்காரர். அம்மன் பூவைத் தின்றால்தானே அம்மன் கேட்பாள், வேறு பூவென்றால் அவளுக்கு என்ன வந்தது என்று கணக்குப் போட்டு, பூசாரியைச் சரிக்கட்டி, கோயிலுக்குப் போகிற வழியில் கைக்கு எட்டின வேலியில் மூன்று பூவைப் பறித்துத் தட்டில் வைத்துவிட்டார். அது ராசகனியின் வேலி. அம்மனை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில், ஏமாற்றப் பயன்பட்ட பூ யாருடையது என்று நினைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

டீக்கடை கோமதிநாயகம் ஒரு பூவை விழுங்கினார். கம்பெனி லாரி டிரைவர் மாடக்கண்ணு ஒன்றை விழுங்கினான். மூன்றாவதை விழுங்கியது தங்கபுஷ்பம், சுயம்புவின் உடன்பிறந்த அக்கா, மகனுக்குக் கம்பெனியில் மேஸ்திரி வேலை கேட்டிருந்தவள். மூன்று பேரும் ஒரே பேச்சாக, சுயம்பு யாரோ ஒரு பொம்பளையோடு திருப்பூர் பஸ் ஏறியதைக் கண்ணால் கண்டோம் என்று சத்தியம் செய்தார்கள்.

அன்று ராசகனி தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டாள். புருஷன் செத்துவிட்டான் என்று எடுக்கவில்லை. இருக்கிறான் என்று வைக்கவும் முடியவில்லை, அதனால் எடுத்தாள். தாலி கழுத்தில் கிடந்தது, அது யாருடைய தாலி என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவன் எங்கே கிடக்கிறான். அது தெரிந்தால் அழுதுவிடலாம், அழுதுவிட்டால் அதற்கப்புறம் செய்ய வேண்டியதைச் செய்யலாம். அதுவரை தலைக்கு ஆகாத பூவையெல்லாம் சட்டியில் போட்டாள்.

மறுநாள் விடிந்தபோதுதான் அந்த மூன்று வாயும் பூத்தன. நாக்குக்கு அடியிலிருந்து பச்சைக் காம்பு எழுந்து, உதட்டைத் தாண்டி விரிந்து, கருஞ்சிவப்புத் தொண்டையைக் காட்டிக்கொண்டு நின்றது பூ. மாடக்கண்ணுவின் பெண்டாட்டி இழுத்துப் பார்த்தாள், ரத்தம்தான் வந்தது. நாவிதர் கத்தரி வைத்தார், கத்தரி மழுங்கியது. தென்காசி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, செடி ஆரோக்கியமாக இருக்கிறது என்றார். கடைசியில் பூவின் தொண்டையைப் பார்த்து யாருடைய வேலி என்று தெரிந்துகொண்டு, மூன்று பேரும் வாயைத் துண்டால் மூடியபடி ராசகனியின் கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"ராசக்கா, ஒங்க வேலிப் பூதான இது. நீங்களே கை வச்சுப் பாருங்க. மனுசன் மூச்சு விட முடியாமக் கெடக்காவ" என்றாள் டிரைவர் பெண்டாட்டி.

ராசகனி அடுப்பிலிருந்து திரும்பி மூன்று பேரையும் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வாயத் தொறடே" என்றாள் மாடக்கண்ணுவிடம்.

இரண்டு விரலால் தொட்டதும் பூ அவள் கைக்கு வந்துவிட்டது. அப்படியே கோமதிநாயகத்துக்கும். தங்கபுஷ்பத்தின் முறை வந்தபோது விரல் கொஞ்சம் தாமதித்தது.

"மதினி, இந்த வாயால எங்க கல்யாணத்துல கொலவை போட்டீயளே, ஞாபகம் இருக்கா?"

பூ அடைத்த வாயால் தங்கபுஷ்பம் என்ன சொல்வாள். கண்ணிலிருந்து நீர்தான் வந்தது. ராசகனி பறித்துக்கொண்டாள். பறித்த பூவை எறியக்கூடாது என்பதால் மூன்றையும் மூன்று சட்டியில் போட்டாள்.

அன்று கடையில் கோமதிநாயகத்தின் பூவைத் துவையலாக அரைத்து இட்லியோடு தின்றவர்கள், முதல் வாய் இறங்கும்போதே கம்பெனியின் இரும்புக் கேட்டைக் கண்டார்கள். பச்சை பெல்ட் கட்டிய சுயம்பு உள்ளே போவதையும், கேட் சாத்தப்படுவதையும், பொழுது சாய்ந்தும் அது திறக்காமல் இருப்பதையும், எதிர்ப்புறத்து டீக்கடையிலிருந்து கோமதிநாயகம் பார்த்தபடியே பார்த்தார்கள். மாடக்கண்ணுவின் பூவை ரசமாகக் குடித்தவர்களுக்குச் சத்தம் கேட்டது. கடப்பாரை எதன் மீதோ இறங்குகிற சத்தம், ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை, பிறகு முதலாளியின் குரல்: "ஏல, நீ ஒண்ணும் கேக்கல. வீட்டுக்குப் போ." தங்கபுஷ்பத்தின் பூவை நெய்யில் பொரித்துத் தின்றவர்களுக்குப் புதுப் பெயின்ட் வாசனை அடித்தது, தம்பியின் சைக்கிளுக்குப் பச்சை வண்ணம் பூசி, கம்பெனியில் கொடுத்தது என்று மகன் ஓட்டி வந்த நாளின் வாசனை அது. பெயின்ட் மாறினாலும் மணியின் சத்தத்தை வைத்து அவள் அதை அடையாளம் கண்டிருந்தாள். ராசகனியும் மூன்றையும் ஒவ்வொரு வாய் தின்றாள். எல்லாம் தெரிந்தது, அவன் எங்கே கிடக்கிறான் என்பது மட்டும் தெரியவில்லை. மூன்று பேருக்குமே அது தெரியாது.

ஊருக்கு இப்போது எல்லாம் தெரியும், இனி ஊர் சும்மா இருக்காது என்று அவள் நினைத்தாள். ஊரைப் பற்றி அவளுக்கு அத்தனை நல்ல அபிப்பிராயம். மறுநாளும் மூன்று வாயும் பூத்தன, மறுநாளும் அவள் பறித்தாள், மறுநாளும் ஜனம் தின்றது. வீட்டுக்கு ஒருத்தராவது கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறவர்கள். ஆகவே ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. ரத்தக்கொதிப்புக்கு வாய்ச்செம்பருத்தி நல்லது என்றார்கள். துவையலில் காட்சி தெளிவு, ரசத்தில் சத்தம் தெளிவு, நெய்யில் வாசனை தெளிவு என்று ஆளுக்கு ஒரு பக்குவத்தைப் புகழ்ந்தார்கள். வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு அதை வாங்கிக் கொடுத்து உபசரித்தார்கள். கோமதிநாயகம் வாயில் பூவோடு வரிசையில் நிற்கும்போது பக்கத்திலிருப்பவரிடம் பேப்பர் வாங்கிப் படிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். தங்கபுஷ்பத்துக்குக் கல்யாண வீடுகளில் முன்வரிசை கிடைத்தது, காலை முகூர்த்தத்தில் பூத்த வாயோடு ஒரு சுமங்கலி உட்கார்ந்திருப்பது லட்சணம்தானே. வெட்கம் என்று ஒன்று இருந்தால் அதையும் நாங்கள் தாளித்துத் தின்றிருப்போம்.

இப்படியே எட்டு மாதம் போன பிறகு ஒருநாள் மதியம் லேபிள் செக்‌ஷன் சூப்பர்வைசர் நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டுச் சொன்னார்: "எக்கா, இன்னைக்கு டிரைவர் பூவுல உப்பு கொஞ்சம் பத்தல."

ராசகனி ஒரு செம்பு தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். புகை கடை முழுக்கச் சூழ்ந்தது.

"எம் புருசன் சாவுற சத்தத்தக் குடிச்சிட்டு உப்பு பத்தலன்னு சொல்லுதீரு! எந்திரிங்கவே எல்லாரும்! ஒங்க வயித்துக்கு இனிமே இந்தக் கையால ஒரு இதழ் கெடையாது. ஆவுடையப்பன் அம்மன் முன்னால வந்து பூவ முழுங்கட்டும். அதுக்கப்புறந்தான் இந்த அடுப்பு எரியும்."

கடையைச் சாத்தினாள். தோட்டத்துக்குப் பூட்டுப் போட்டாள். சாட்சிகள் மூன்று பேரும் வந்து நின்றபோது கதவைத் திறக்கவில்லை. பறிக்காத பூவுக்குப் பக்கத்தில் இன்னொரு பூ பூத்தது, அதற்குப் பக்கத்தில் மொட்டு வைத்தது. மாடக்கண்ணு மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு, பிள்ளைகள் குழாய் வைத்து ஊற்றும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தான். ஊருக்கோ வேப்பம்பூ இல்லாமல் பித்தம் தலைக்கேறியது, ஆவாரம்பூ இல்லாமல் சர்க்கரை ஏறியது, குல்கந்து இல்லாமல் பெரிய மனிதர்கள் விடியற்காலையில் வாய்க்கால் பக்கம் போய் வெகுநேரம் கழித்து வாட்டமாகத் திரும்பினார்கள். கம்பெனியில் தலைசுற்றி விழுந்த பெண்கள் கையிலிருந்து பாட்டில்கள் நழுவி உடைந்தன. கொலை அசைக்காத ஊரை மலச்சிக்கல் அசைத்தது. திரண்டு போய் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் நின்றோம்.

"ஒரு பூதான முதலாளி. முழுங்கிட்டுச் சொல்லிருங்க, ஊரு நல்லாருக்கும்" என்று அந்தச் சூப்பர்வைசரே கெஞ்சினார்.

ஆவுடையப்பன் யோசித்தார். ராசகனி வேலிப் பூ ஆகாது, அது என்ன செய்யும் என்று பார்த்தாயிற்று. அம்மன் பூவும் ஆகாது, அவளை ஒருமுறை ஏமாற்றியிருக்கிறோம். "செய்யுதேன். ஆனா என் எடத்துப் பூவத்தான் முழுங்குவேன். என் மண்ணுல பூத்தது எனக்கு விரோதம் பண்ணாது" என்றார். ராசகனியிடம் கேட்டார்கள். எந்தப் பூவானாலும் சரி, ஒற்றைச் செம்பருத்தியாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். அவர் வெள்ளை வேட்டி மாற்றிக் காரில் ஏறிக்கொண்டே கம்பெனி வாட்ச்மேன் இசக்கிக்குப் போன் போட்டு, நம்ம காம்பவுண்டில் செம்பருத்தி எது பூத்திருந்தாலும் ஒன்றைப் பறித்து இலையில் மூடிக் கோயிலுக்குக் கொண்டுவா என்றார். பாட்டில் பாட்டிலாகப் பூப்படம் ஒட்டி விற்றவருக்குத் தன் காம்பவுண்டில் எத்தனை செடி இருக்கிறது என்று தெரியாது. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு செடியும் அவர் வைத்ததில்லை.

இசக்கி வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தான். அம்மன் முன்னால், அத்தனை ஜனத்துக்கும் நடுவில், ஆவுடையப்பன் இலையைப் பிரித்தார். உள்ளே ஒற்றைச் செம்பருத்தி. வெளிச்சிவப்பு. தொண்டை கருஞ்சிவப்பு.

அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை முன்வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தோம். "ஏல, இத எங்க பறிச்ச?" என்று உதடு அசையாமல் கேட்டார். இசக்கிக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை, பாய்லர் சத்தத்தில் வேலை பார்க்கிறவன்.

"பாய்லர் சாம்ப மேட்டுக்குப் பின்னால மொதலாளி! கம்பெனியிலயே அங்க ஒண்ணுதான் செடி! யாரும் வைக்கல, தானா தளுத்திருக்கு!"

ராசகனி கண்ணை மூடித் திறந்தாள். பச்சை பெல்ட், அதில் செருகிய குச்சிகள், ரெண்டு மழை. அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"முழுங்குங்க மொதலாளி" என்றாள். "ஒங்க மண்ணுல பூத்ததுதான. விரோதம் பண்ணாது."

மாட்டேன் என்றால் அதுவே சாட்சி. ஜனம் வழி விடாமல் நெருங்கி நின்றது. அவர் பூவை வாயில் போட்டு விழுங்கினார், தொண்டை ஏறி இறங்கியது. "சுயம்பு எங்க இருக்கான்னு எனக்கு..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மற்றவர்களுக்கு விடியும்வரை காத்திருந்த பூ அவருக்குக் காத்திருக்கவில்லை. பேசிக்கொண்டிருந்த வாயிலேயே காம்பு எழுந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க விரிந்தது.

ராசகனி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கோயில் நந்தவனத்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், ஊர் பின்னால் நடந்தது. சாம்பல் மேட்டுக்குப் பின்னால் இடுப்பளவுச் செடி, உடம்பெல்லாம் பூவாக நின்றது. வேர் அறாமல் சுற்றிலும் வெட்டச் சொன்னாள். முழ ஆழத்தில் பச்சை பெல்ட் வந்தது. அதன் நாலைந்து இடங்களில் குச்சிகள் வேர் பிடித்து, வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உள்ளே இருந்தவனை விடாமல் பிடித்திருந்தன. அப்போதுதான் ராசகனி அழுதாள். இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை, தொழிற்சாலைச் சங்குக்குமேல் கேட்டது.

அதற்கப்புறம் போலீஸ் வந்தது, எலும்பை எடுத்தது, ஆவுடையப்பனையும் எடுத்துக்கொண்டு போனது. சாட்சிகள் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு வந்து ராசகனி காலில் விழுந்தார்கள். அவர்களுக்குக் கடைசி முறையாகப் பறித்துவிட்டாள், உண்மையை அன்றே போலீஸிடம் சொன்னதும் அவர்கள் வாய் பிறகு பூக்கவில்லை. ஆனால் தங்கபுஷ்பம் பேர் சொல்லிக் கூப்பிட்டால் இன்றுவரை அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. தாலியறுக்கும் சடங்குக்கு வந்த பெண்களிடம், "தாலிய எடுத்துக்கிடுங்க. பூவ எடுக்க விடமாட்டேன். இது எம் புருசன் செத்தப் பொறவும் எனக்கு வச்ச பூ" என்று, சாம்பல் மேட்டுச் செடியில் ஒன்றைப் பறித்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். ஒருத்திக்கும் வாய் திறக்கத் தைரியமில்லை. வாய் திறந்தால் என்ன பூக்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஆவுடையப்பன் வாய் மட்டும் பூப்பதை நிறுத்தவில்லை. ராசகனி கை பட்டால் ஒழிய பூ வராது, வராவிட்டால் மூச்சு நின்றுவிடும். அவர் கிடந்து சாகட்டும் என்று ஊர் சொன்னது, உப்பு பத்தாத சூப்பர்வைசர் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். ராசகனி சம்மதிக்கவில்லை. செத்தால் ஒருநாளோடு முடிந்துவிடும் என்றாள். ஆகவே தினமும் காலையில் ஜெயில் வேன் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறது. இரண்டு காவலர்கள் அவரை இறக்கி முன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தங்களுக்கு ஆளுக்கு நாலு இட்லியும் அகத்திப்பூத் துவட்டலும் சொல்கிறார்கள். அவள் பூவைப் பறிக்கிறாள். எறியக்கூடாது, அதனால் துவையலாகவும் ரசமாகவும் நெய்யில் பொரித்தும் மூன்று பக்குவத்தில் சமைத்து அவருக்கே இலை போடுகிறாள். அந்தப் பூவை வேறு யாரும் தொடுவதில்லை. அது சுயம்புவின் உடம்பில் முளைத்த செடியின் பூ, அதைத் தின்றவருக்குத் தெரிவது பார்த்தவன் கண்ணில் பட்டது அல்ல. கடப்பாரை இறங்கும்போது கீழே இருந்தவனுக்குத் தெரிந்தது. காட்சி, சத்தம், வாசனை, மூன்றும் சேர்ந்து, கடைசியில் வாய்க்குள் விழும் சாம்பலும் மண்ணும்வரை.

அவர் ஒவ்வொரு வாயாக விழுங்குகிறார். தலையைக் கையால் மறைக்கிறார், பெஞ்சுக்கு அடியில் சரிகிறார், காவலர்கள் தூக்கி உட்காரவைக்கிறார்கள். ராசகனி கொண்டையில் கறுப்புத் தொண்டைப் பூவோடு அவர் எதிரில் நின்று, இலை காலியாகும்வரை காத்திருந்து, எந்த வாடிக்கையாளரிடமும் கேட்பதுபோல் கேட்கிறாள்.

"உப்பு சரியா இருக்கா மொதலாளி?"

அவர் தலையாட்டும்வரை இலையை எடுப்பதில்லை.